லக்சபானாவும் லாண்ட்மாஸ்டரும்: இரண்டு பொறியியலாளர்கள் சுற்றி வந்த பாதை

வடக்கில் வளர்ந்த என் வயதுக்காரர் பலருக்கு லக்சபானா ஓர் ஊரின் பெயர் என்பதே நீண்ட காலம் தெரியாது. அது கரண்டின் பெயர். ஜெனரேட்டர் கரண்ட் வேறு, லக்சபானாக் கரண்ட் வேறு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்துபோனது. அதற்குப் பிறகு பெரியவர்கள் அந்தச் சொல்லை, வெளிநாட்டுக்குப் போய் வராமலே இருந்துவிட்ட ஓர் உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லுவார்கள். நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். லக்சபானா திரும்பி வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வன்னியில் இருந்தவர்களுக்கு இதேபோல இன்னொரு சொல் உண்டு: லாண்ட்மாஸ்டர். இரண்டு சில்லு உழவு இயந்திரம். எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும் எங்களுக்கு அது லாண்ட்மாஸ்டர்தான். வயல் உழுதது, நெல் ஏற்றியது. 2008இலும் 2009இலும் கூரைத் தகரம், கதவு, சட்டி பானை, நடக்க முடியாத அம்மம்மா என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் ஊராகப் பின்வாங்கியது.

இந்த இரண்டு சொற்களுக்கும் பின்னால் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். இருவருமே தாங்கள் தொடங்கிய இடத்தில் முடிக்கவில்லை. ஒருவர் பொன் தேடிப் போய்த் தண்ணீரைக் கண்டார். மற்றவர் தான் வடிவமைத்த இயந்திரத்துக்கு எதிராகவே வாழ்நாளின் பிற்பாதியில் பேசினார். பொல்பிட்டியவுக்குப் போய்வந்த பிறகு இந்த இரண்டு வாழ்க்கைகளையும் சேர்த்துப் படித்தேன். விஞ்ஞானம் யாருக்காக என்ற கேள்வியைப் போர் கண்டவர்கள் கேட்கும்போது இவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொழும்பு–ஹட்டன் வீதியில் கித்துல்கலைக்கு மேலே பிரியும் மலைப்பாதையில் இருக்கிறது பொல்பிட்டிய. பார்ப்பதற்குப் பெரிய இடமில்லை. மலைச்சரிவில் இறங்கும் தடித்த இரும்புக் குழாய்கள், கீழே ஒரு மின்நிலையம், மின்சார சபையின் குடியிருப்புகள், இடைவிடாத ஓர் இரைச்சல். ஆனால் இலங்கை மின்சாரத்தின் வரைபடத்தில் இது முக்கியமான முடிச்சு. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் இடம் இதற்கு அருகில்தான்.

அந்தத் தண்ணீர் வரும் வழியைச் சொல்கிறேன். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம். அதன் தண்ணீர் முதலில் நோர்ட்டன் பிரிஜ்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பிறகு மலையைக் குடைந்த வழியில் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பழைய லக்சபானா நிலையத்தில் விழுகிறது. மறுபக்கம் மஸ்கெலி ஓயாவில் மவுசாகலை நீர்த்தேக்கம்; அதன் தண்ணீர் கெனியன் நிலையம், புதிய லக்சபானா நிலையம் என்று இறங்குகிறது. இரண்டு பள்ளத்தாக்குகளின் தண்ணீரும் லக்சபானாக் குளத்தில் சேர்ந்து, சுரங்கம் வழியாகக் கடைசியாக விழும் இடம் பொல்பிட்டிய. ஆக, மேலே தேயிலைத் தோட்டத்தில் பெய்த மழை களனி கங்கையாக விடுதலை பெறுவதற்கு முன் மூன்று முறை வேலை செய்துவிடுகிறது. தோட்டத்து ஆட்களைப் போலத்தான்.

நீர்மின்சாரத்தின் கணக்கு மிக எளிமையானது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் சக்தி. வினாடிக்கு ஒரு கன மீற்றர் தண்ணீர் நூறு மீற்றர் விழுந்தால், இழப்புகளைக் கழிக்காமல் பார்த்தால் ஏறத்தாழ ஒரு மெகாவாட். பெரிய ஆறு தேவையில்லை. உயரம் இருந்தால் சிறிய ஓயாவும் போதும். இதை இலங்கையில் முதலில் எண்களாக்கி மேசையில் வைத்தவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர.

1874இல் காலியில் பிறந்தவர். தந்தை பெயர்பெற்ற நகைக் கைவினைஞர். ஆனந்தாக் கல்லூரி, பிறகு தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு பொதுவேலைத் திணைக்களத்தில் கீழ்நிலைப் பதவி. வெள்ளைக்காரர்கள் மேலேயும் சுதேசிகள் கீழேயும் இருந்த திணைக்களம் அது. 1900களின் தொடக்கத்தில் இந்த மலைப்பகுதியில் பொன் படிவு இருக்கிறதா என்று பார்க்க அவர் அனுப்பப்பட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கைக்கெட்டும்படி பொன் கிடைக்கவில்லை. அபர்டீன், லக்சபானா அருவிகள்தான் அவர் கண்ணில் பட்டன. நகைக்காரரின் மகன் பொன்னை விட்டுவிட்டு அருவியின் உயரத்தை அளக்கத் தொடங்கினார்.

அதன்பின் அவர் போன வழி நேரானதாக இல்லை. குடிசார் பொறியியலில் இருந்தவர் இங்கிலாந்து சென்று மின்பொறியியலையும் படித்துத் தகுதி பெற்றார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின்நிலையம், 1912இல். துரைமார் ஓய்வெடுக்கும் நகரத்துக்கு வெளிச்சம். ஆனால் அவருடைய கணக்கு அதைவிடப் பெரியது. 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில், நீர்ச்சக்தியைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா இரண்டிலுமிருந்தும் 114,500 குதிரைவலு எடுக்கலாம் என்பது அதன் சாரம். இன்றைய அளவில் ஏறத்தாழ 85 மெகாவாட். நிலக்கரியைக் கப்பலில் இறக்கி எரித்த நாட்டுக்கு அது நம்ப முடியாத எண்.

இன்று இந்த இரண்டு ஓயாக்களிலும் தொடராக நிற்கும் ஐந்து நிலையங்களின் ஆரம்பக் கொள்ளளவைக் கூட்டினால் 335 மெகாவாட் வருகிறது. அவர் சொன்னதைப்போல நான்கு மடங்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதும் உண்மை. கொள்ளளவு என்பது, எல்லா வீட்டிலும் விளக்கெரியும் மாலை நேரத்தில் எவ்வளவு தள்ள முடியும் என்பதைச் சொல்வது. நாள் முழுக்க அந்த அளவு ஓடாது. ஆனாலும் மனிதர் மிகைப்படுத்தவில்லை என்பதைச் சொல்ல இது போதும்.

உடனே யாரும் கேட்கவில்லை. 1920களில் வேலை தொடங்கி, பணமில்லை என்று நின்று, பிறகு ஆமை வேகத்தில் நகர்ந்தது. கொழும்பில் நிலக்கரி நிலையம் கட்டப்பட்டது. அரச சேவையிலிருந்து விலகிய விமலசுரேந்திர, 1931இல் சர்வசன வாக்குரிமை வந்ததும் இரத்தினபுரியில் போட்டியிட்டு அரசாங்க சபைக்குப் போனார். அப்போது வயது 56. அவருடைய பாதையில் எனக்கு மிகவும் சுவாரசியமான வளைவு இதுதான். ஒரு தொழில்நுட்பத் தீர்வு சரியானது என்று நிரூபித்துவிட்டால் போதும், அது தானாக நடக்கும் என்று நினைக்கும் வயதை அவர் கடந்திருந்தார். தண்ணீர் எங்கே விழுகிறது என்பது பொறியியல். அந்த மின்சாரம் யார் வீட்டுக்குப் போகிறது என்பது அரசியல். முதலாவதற்கு விடை கண்டவர் இரண்டாவதைத் தேடி வாக்குக் கேட்கப் போனார். 1936இல் தோற்றார். லக்சபானா முதற்கட்டம் 25 மெகாவாட்டுடன் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார்.

அந்த 1950 என்ற ஆண்டை மலையகத்தின் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமையும் போனது. லக்சபானாவின் முதல் விளக்கு எரிந்தபோது, அந்தத் தண்ணீர் ஓடிவந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டினரும் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று கணக்குப் போட்டார்கள். மறு ஆண்டு நோர்ட்டன் பிரிஜ் நிலையம் திறக்கப்பட்டு அதற்கு விமலசுரேந்திரவின் பெயர் சூட்டப்பட்டது. 1969இல் பொல்பிட்டிய இயங்கத் தொடங்கியது, 75 மெகாவாட். மெகாவாட் கணக்கும் ஆட்கணக்கும் ஒரே பத்தாண்டுகளில் நடந்தன.

மவுசாகலையில் தண்ணீர் ஏறியபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் போனது. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டும். செய்திகளில் படம் வரும், மக்கள் போய்ப் பார்ப்பார்கள். அணைக்காகப் போன தேயிலை நிலத்தின் கதையை இந்த அளவுக்குக்கூட யாரும் படம் பிடிப்பதில்லை.

வெளிச்சம் யாருக்குக் கிடைத்தது? தோட்டத் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் எப்போதோ கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரக் கம்பனிகள் தங்கள் தொழிற்சாலைகளுக்காக நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் இயந்திரங்களைத் தோட்டத்து ஓடைகளில் வைத்திருந்தன. தேசிய மின்கம்பி வந்ததும் அவற்றில் பலவற்றைத் துருப்பிடிக்க விட்டார்கள். லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பி கொழும்புக்குப் போகும். கீழே குப்பி விளக்கில் சமையல். பல லயங்களுக்கு மின்சாரம் 1990களில்தான் வந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் போத்தல் விளக்கோடு இருந்தோம். ஒருவருக்கு மின்சாரம் வந்த வழியும் தெரியும், வெளிச்சம் இல்லை. மற்றவருக்குப் பெயர் மட்டும் தெரியும், வெளிச்சம் இல்லை.

இந்த இரண்டு இருட்டுகளையும் இணைத்த ஒரு பாதையும் உண்டு. 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. காந்தீயம் அமைப்பு பலருக்கு நிலமும் தங்குமிடமும் கிடைக்க உதவியது. அதை நடத்தியவர்களில் முக்கியமான இருவர், கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும். தொழில் பார்த்துச் சுகமாக இருந்திருக்கக்கூடியவர்கள். 1983 ஏப்ரலில் கைதானார்கள்; இராஜசுந்தரம் அந்த யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அவர்கள் குடியேற்றிய மக்களில் எஞ்சியோர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். லாண்ட்மாஸ்டர் வைத்திருந்தவர்கள் அதில் போனார்கள்.

அந்த லாண்ட்மாஸ்டரை வடிவமைத்தவர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்தவர். வசதியான குடும்பம், கேம்பிரிட்ஜில் பொறியியல் படிப்பு. விமானம் ஓட்டுவார், விமானம் செய்வார். பாய்மரப் படகோட்டத்தில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் கலந்துகொண்டார். விமலசுரேந்திர ஏணியின் அடிப்படியில் தொடங்கியவர் என்றால் இவர் கூரையில் பிறந்தவர். 1950களில் ஆசியாவின் சிறு வயல்களுக்கு ஏற்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தில் லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் அது தயாராகிப் பல நாடுகளுக்குப் போனது. எருமை மாட்டிடமிருந்து விவசாயியை விடுவித்த இளைஞர் என்று புகழ் வந்தது.

பிறகு 1960களில், அவரே பல இடங்களில் சொன்ன கதைப்படி, ஹாவார்ட்டில் தன் இயந்திரத்தைப் பற்றிப் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: இதனால் விளைச்சல் கூடியதா? அவரிடம் விடை இல்லை. வேலை விரைவாக முடிந்தது உண்மை. ஏக்கருக்கு எத்தனை புசல் என்பது கூடவில்லை. எருமை சாணம் தந்தது, பால் தந்தது, தானே கன்று போட்டது. இயந்திரம் டீசல் கேட்டது, உதிரிப்பாகம் கேட்டது. இரண்டும் கப்பலில்தான் வர வேண்டும்.

பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்கு ஒரு சமாளிப்பான விடை கண்டுபிடித்து வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். விற்பனை நன்றாகத்தானே நடந்தது! அவர் திசையை மாற்றினார். நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். அங்கே உழாமல் பயிர் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி. உழவின் பெரும்பகுதி களையைக் கட்டுப்படுத்தத்தான். நிலத்தை மூடாக்குப் போட்டு மூடினால் களையும் குறையும், மழை மண்ணை அரிப்பதும் குறையும் என்ற கருத்தின்மேல், சிறு விவசாயி கையால் தள்ளிக்கொண்டே விதையிடும் கருவிகளை வடிவமைத்தார். உழவு இயந்திரம் செய்தவர் உழவே வேண்டாம் என்று சொல்ல வந்துவிட்டார்.

இலங்கை திரும்பியபின் மலைச்சரிவுகள் பற்றிப் பேசினார். சரிவின் குறுக்கே, சம உயரக் கோட்டில், கிளிரிசிடியா மரங்களை வேலிபோல நெருக்கமாக நட வேண்டும். வேர் மண்ணைப் பிடிக்கும். இலை தழையுரமாகும், காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும் மரம் அது. தடியை வெட்டி எரித்தால் மின்சாரமும் எடுக்கலாம். எரிபொருளுக்காக நாடு கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உரக்கம்பனிகளும் இறக்குமதியாளர்களும் விரும்பாத பேச்சு. 2005இல் கிளிரிசிடியா நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. அறிவித்ததோடு பெரும்பாலும் நின்றுபோனது என்பது என் கணிப்பு. தேயிலை மலைகளில் நடந்து பார்த்தால் தெரியும். 2010இல் அவர் இறந்தார்.

நுவரெலியா மாவட்டத்துச் சரிவுகளுக்கு இது ஏட்டுச்சுரைக்காய் அல்ல. தேயிலை கழிந்த இடத்திலும் மரக்கறித் தோட்டத்திலும் அரித்துக்கொண்டு போகும் மண் ஓடைக்குப் போகிறது. ஓடை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மண் படிந்த நீர்த்தேக்கம் தண்ணீரைக் குறைவாகத்தான் பிடிக்கும். மழைக்காலத்தில் சீக்கிரம் நிரம்பி வான்கதவு திறக்கும். வெயில்காலத்தில் சீக்கிரம் வற்றும். விமலசுரேந்திரவின் கணக்கு விஜேவர்தனவின் கணக்கில் தங்கியிருக்கிறது. உயரத்தை யாரும் குறைக்க முடியாது. தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடம் மண்ணால் நிரம்பிவிட்டால் பெருக்கலின் மறுபக்கம் சுருங்கும்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடை செய்தபோது, விஜேவர்தன போன்றவர்கள் சொன்னதைத்தான் அரசாங்கம் செய்தது என்று சிலர் எழுதினார்கள். அப்படியில்லை. கிளிரிசிடியா வேலி வளர்ந்து தழை தர ஆண்டுகள் வேண்டும். எந்த மண்ணுக்கு எவ்வளவு என்று வயலில் விவசாயியோடு நின்று பார்க்க வேண்டும். இடையில் விளைச்சல் குறைந்தால் யார் தாங்குவது என்று முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. வன்னியில் நெல் விளைச்சல் விழுந்தது. மலையகத்தில் கொழுந்து குறைந்தது; நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் முழுச் சம்பளம் என்ற தோட்டங்களில் அந்தக் குறைவு நேரே தொழிலாளியின் சம்பளத்தில் இறங்கியது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். மக்களோடு செய்யும் ஆராய்ச்சிக்கும் மக்கள் மேல் செய்யும் பரிசோதனைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஏழு மாதங்களில் தெரிந்தது. நமக்கு அது புதிதில்லை.

இந்த இருவரையும் வீரர்களாக்குவது என் நோக்கமல்ல. விமலசுரேந்திரவின் திட்டத்தில் லயத்து விளக்கு எந்த இடத்தில் இருந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. விஜேவர்தன கூரையில் பிறந்ததால்தான் திசை மாற்றும் வசதி இருந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கோ நோர்வூட்டில் உயர்தரத்தில் கணிதம் எடுத்த பிள்ளைக்கோ அப்படித் திரும்பிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. முதல் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போகும். பல்கலைக்கழகத்துக்குள் போனவர்கள்கூட, பதவி உயர்வுக்கு ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். லயத்துக் கூரையின் ஒழுக்கையோ ஊர்க் கிணற்றின் உப்பையோ ஆராய்ந்தால் அதே மதிப்பெண் கிடைப்பது அரிது. வளைந்த பாதையில் போக ஓரளவு நிலமும் காலமும் வேண்டும்.

ஆனால் கேட்கப்படாத கேள்விகள் குறைவில்லை. தோட்டத்து ஓடைகளில் துருப்பிடித்த அந்தப் பழைய இயந்திரங்களைச் சிலர் 1980களிலிருந்து மீண்டும் ஓடச் செய்திருக்கிறார்கள். மின்கம்பி எட்டாத கிராமங்களில் ஊர்ச்சங்கமே நடத்தும் சிறு நீர்மின் திட்டங்களும் வந்தன. ஓடைக்கு உரிமை தோட்டக் கம்பனிக்கா, அந்த ஓடைக்கரையில் ஐந்து தலைமுறையாக இருப்பவர்களுக்கா என்பது லயங்களில் இன்னும் பேசி முடிக்கப்படாத விடயம்.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. டீசல் இல்லை. வன்னியில் லாண்ட்மாஸ்டர்கள் வரிசையில் நின்றன. நிரப்பு நிலையங்களுக்கு வெளியே மக்கள் இரவில் படுத்தார்கள். நீர்த்தேக்கங்களின் மட்டத்தை மின்சார சபை நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்தது. மஸ்கெலியாவில் மழை பெய்ததா என்று யாழ்ப்பாணத்தில் விசாரித்தார்கள்.